ஒரே பாயில் இரண்டு பேர்

மச்சி,

ஆறு மாதமாகப் பதில் போடவில்லை என்று திட்டாதே. வீட்டில் எல்லோரும் சுகம், அம்மாவுக்கு முட்டுவலி அப்படியேதான். இப்போதும் பாசத்தால் எழுதவில்லை, புலம்ப ஆள் வேண்டும்.

ஃபோர்ட்ரானில் எழுதிய நம் பழைய கடல் அலைக் கணிப்பு புரோகிராமை கோஅரேக்கு மாற்றச் சொல்லிவிட்டார்கள். ஒரே புரோகிராம் பல பிரதிகளாக ஓடும், ஒவ்வொரு பிரதிக்கும் இமேஜ் என்று பெயர்; மற்ற இமேஜ்களும் எட்டி எடுக்கக்கூடிய வரிசைதான் கோஅரே. சப்ரூட்டின்கள் பொதுவில் பகிரும் மெமரியான காமன் பிளாக்கில் கிடந்த அலை வரிசைக்குப் பின்னால் [*] போட்டுவிட்டு, இனி ஒரு இமேஜ் இன்னொன்றின் மெமரியை எட்டிப் பார்த்துக்கொள்ளும் என்று டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் திரை முழுக்கப் பிழை. கோஅரே காமனுக்குள் இருக்கக் கூடாதாம், ஒரே மெமரி இடத்துக்கு இரண்டு பெயர் வைக்கும் ஈக்விவலன்ஸிலும் கூடாதாம். ஃபோர்ட்ரான் 2008 தரத்திலேயே அப்படித்தான்.

எரிச்சல் அடங்கியதும் நியாயம் புரிந்தது. கோஅரே எல்லா இமேஜிலும் ஒரே வடிவத்தில் இருந்தாக வேண்டும், காமனையோ ஒவ்வொரு சப்ரூட்டினும் இஷ்டத்துக்கு வெட்டிக்கொள்ளும். பக்கத்து இமேஜ் கையை நீட்டினால் யாருடைய எண் கையில் வரும்? ஈக்விவலன்ஸ் இன்னும் மோசம், நாம் ஹாஸ்டலில் ஒரே பாயில் ஷிஃப்ட் போட்டுத் தூங்கினோமே, அதுதான். அலையும் காற்றும் ஒரே மெமரியில் மாறி மாறித் தங்கியதில் மிச்சம் இருபது லட்சம் எண்கள், 16 எம்பி, அன்றைக்கு அது சொத்து. 2018 தரம் இரண்டையுமே வழக்கொழிந்தவை பட்டியலில் தள்ளிவிட்டது.

சரி என்று மாட்யூலில் அலோகேட்டபிள் கோஅரேயாக, அதாவது ஓடும்போது அலோகேட் என்று சொல்லி இடம் ஒதுக்கும் வகையில், வைத்தேன். அங்கேயும் ஒரு அடி: அலோகேட் என்றாலே எல்லா இமேஜும் வந்து சேரும்வரை யாரும் நகர முடியாது, நான் அதை ஒரு இஃப்புக்குள் எழுதியிருந்தேன், முதல் இமேஜ் மட்டும் உள்ளே போய் மற்றவற்றுக்காகக் காத்துக்கொண்டு நின்றது. அரை நாள் போச்சு.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. ஓடியதும் விடை மாறிவிட்டது. இரண்டு இரவு தோண்டினேன். ஒரு லூப், அலை வரிசையை யாரும் நிரப்பும் முன்பே அதைப் படிக்கிறது. இத்தனை வருஷமும் அதே இடத்தில் மிச்சமிருந்த காற்றின் எண்களைத்தான் அலை என்று எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் அந்த எண்களை நம்பிக் கடலுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள், அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. மேலதிகாரியிடம் இன்னும் சொல்லவில்லை.

அந்த லூப் இருக்கும் சப்ரூட்டின் தலைப்பில் கமெண்டாக இரண்டு எழுத்து இருக்கிறது. யாருடைய இனிஷியல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. திங்கட்கிழமைக்குள் ஃபோன் பண்ணு.