‘போல’ வந்தால் எல்லாம் உவமையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற திங்கட்கிழமை மாணவர் பக்கத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அணி இலக்கணம் வெளியிட்டிருந்தீர்கள். ‘போல, அன்ன, ஒப்ப போன்ற உருபுகள் வந்தால் உவமை, வராவிட்டால் உருவகம்’ என்று கட்டம் கட்டி ஒரு குறுக்குவழியும் தந்திருந்தீர்கள். என் பேத்தி அதைக் கத்தரித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டாள். நான் புலவனல்லன், காரைக்குடியில் நாற்பது ஆண்டுகள் மளிகைக் கடை நடத்தியவன். மூட்டையைக் குத்திப் பார்க்காமல் மேலே எழுதியிருப்பதை நம்பிச் சரக்கு எடுத்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

அன்று மாலை என் மனைவி, “மழை வரும் போலிருக்கிறது, வற்றலை எடுங்கள்” என்றாள். இது உவமையா என்று பேத்தியிடம் கேட்டேன். “போல வந்திருக்கிறதே ஐயா” என்றாள். எதற்கு எது உவமை என்றேன். விழித்தாள்.

அதே பக்கத்தில் தற்குறிப்பேற்ற அணிக்கு நீங்கள் கொடுத்திருந்த சிலப்பதிகார வரியே உங்கள் கட்டத்தைப் பொய்யாக்குகிறது. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். மதில்மேல் கொடிகள் ‘வாரல் என்பனபோல் மறித்துக் கைகாட்ட’ என்கிறார் இளங்கோவடிகள். ‘போல்’ கண்ணெதிரே நிற்கிறது. ஆனாலும் காற்றில் இயல்பாக ஆடும் கொடியின்மேல் ‘வராதே’ என்ற தம் எண்ணத்தை ஏற்றுகிறார் புலவர். அதனால் இது தற்குறிப்பேற்றம். கோவலன் அந்த ஊரில் வெட்டுண்டு சாவான் என்று தெரிந்தவருக்குத்தான் அந்தக் கொடி கைகாட்டும். பேத்திக்கு வரையறை மனப்பாடம். கோவலன் என்ன ஆனான் என்பது தெரியவில்லை.

உருபு வராவிட்டால் உருவகம் என்பதும் தவறு. ‘மலர்முகம்’ உருபு மறைந்த உவமைத்தொகை. ‘முகமலர்’ என்று திருப்பி முகத்தையே மலராக்கினால்தான் உருவகம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் சால மிகுத்துப் பெயின்’ என்ற குறளில் ‘போல’வும் இல்லை, சொல்ல வந்த பொருளும் இல்லை. மயிலிறகு ஏற்றிய வண்டியும் பாரம் மிகுந்தால் அச்சு முறியும் என்பதோடு வள்ளுவர் நிறுத்திக்கொள்கிறார். இதுதான் பிறிதுமொழிதல். குன்றக்குடிக்குக் காவடி எடுக்கும் ஊர்க்காரர்களுக்குப் பீலியின் எடையைச் சொல்ல வேண்டியதில்லை. என் தந்தையார் கல்லாவில் இருந்த காலத்தில், கால் கிலோ துவரம்பருப்பு, நூறு கிராம் சீரகம் என்று கடன் நோட்டில் ஏற்றிக்கொண்டே போகிறவர்களிடம் ‘கடன் இல்லை’ என்று சொன்னதே கிடையாது. நோட்டைப் புரட்டியபடி இந்தக் குறளை மட்டும் சொல்வார். புரிந்தவர்கள் பணத்தை எடுப்பார்கள். புரியாதவர்களுக்கும் பருப்பு கிடைத்தது என்பது வேறு கதை. பின்னாளில் நானும் சொல்லிப் பார்த்தேன், என்னிடம் பலிக்கவில்லை.

1939-இல் சா. கணேசன் எங்கள் ஊரில் தொடங்கிய கம்பன் விழாவுக்குக் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு என்னையும் அழைத்துப் போவார் என் தந்தையார். கேட்டுக் கேட்டு வந்ததுதான் என் தமிழ். உவமையில் ஒத்து வருபவை ‘வினை பயன் மெய் உரு’ என்று தொல்காப்பியர் நான்கு சொல்லியிருக்கிறார். புலி போலப் பாய்ந்தான் என்றால் செயல் ஒத்தது. மழை போல வழங்கினான் என்றால் பயன் ஒத்தது. துடி போன்ற இடை என்றால் வடிவம், பவளம் போன்ற வாய் என்றால் நிறம். எது ஒத்தது என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். உருபைத் தேடுவதைவிட அரை நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

வரும் திங்கட்கிழமை திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். மூலையில் பொடி எழுத்தில் வேண்டாம்; அதே அளவில் கட்டம் கட்டியே போடுங்கள். மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருப்பதை எடுத்துவிட்டு அதை வைப்பதாகப் பேத்தி சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மளிகை வணிகர்,
காரைக்குடி.