முப்பத்தோரு ஓட்டையும் இன்னொன்றும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. திட்டாதே. விரலில் ஒட்டிய பசை போகவே நான்கு நாளானது. போன முறை எழுதினேனே, 1950-களில் செய்த அந்த 14 அடி அலுமினியப் படகு, அது தண்ணீரில் இறங்கிவிட்டது. மிதக்கவும் செய்கிறது!

வாங்கிய அன்று பார்வைக்குக் குறையே தெரியவில்லை. அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடித்து உதிர்ந்து காட்டிக்கொடுக்காது. சாம்பல் பூத்து, எல்லாம் நலம் என்பது போலவே நிற்கும். எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கப் படகை டிரெய்லரில் ஏற்றி உள்ளே தண்ணீர் ஊற்றினேன். நான்கு விரல் உயரத்தோடு நிறுத்திவிட்டேன். லிட்டருக்கு ஒரு கிலோ ஆயிற்றே, அதிகம் போனால் அடித்தகடு வளைந்துவிடும். பிறகு அடியில் படுத்துக்கொண்டு சொட்டும் இடத்திலெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டேன். மொத்தம் 31. பாதிக்கு மேல் அடியில் நீளமாக ஓடும் தண்டை ஒட்டியே இருந்தன. யாரோ பல வருஷம் கல்லிலும் மணலிலும் இழுத்து ஏற்றியிருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில், விமானம் செய்துகொண்டிருந்த க்ரம்மன் நிறுவனம் அலுமினியத் தோணி செய்ய இறங்கியது உனக்குத் தெரியுமா? அதே தகடு, தகடுகளை இணைக்க ரிவெட் என்னும் ஆணி அடிக்கும் அதே வேலை. என் படகும் அந்த வழியில் செய்ததுதான். அதனால் ஒழுகும் ரிவெட்டைச் சரிசெய்வது தனி ஆளாக ஆகாது. வெளியே ஒருவர் ரிவெட்டின் தலையில் தட்ட, உள்ளே ஒருவர் அதன் வாலில் கனமான இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க வேண்டும். கட்டி கொஞ்சம் நழுவினாலும் வால் கோணலாகப் படிந்துவிடும், ஒழுகுவது நிற்காது. என் மகள்தான் பிடித்தாள். முதல் பத்தில் ஆறு கோணல். அப்புறம் காதே சொல்ல ஆரம்பித்தது. சரியாக உட்காரும்வரை 'டங்' என்று அதிரும், உட்கார்ந்துவிட்டால் 'டொக்'. "டொக்குப்பா!" என்று உள்ளிருந்து கத்துவாள். ஒற்றை ஆளுக்கு பாப் ரிவெட் இருக்கிறதே என்பாய். சாதாரண பாப் ரிவெட்டுக்கு நடுவிலேயே துளை, தண்ணீர் அதன் வழியாகவே வந்துவிடும்.

இருக்கைகளுக்கு அடியிலிருந்த நுரையைச் சொல்லியாக வேண்டும். படகு முழுகாமல் காக்க வைத்தது அது. இத்தனை வருஷம் தண்ணீரைக் குடித்துக் குடித்து அதுவே படகை அமுக்கிக்கொண்டிருந்தது.

மோட்டார் மாட்டும் பின்பலகை ஸ்பூனால் வழித்தெடுக்கும் அளவுக்கு இற்றுப்போயிருந்தது. புதுப் பிளைவுட்டை வெட்டி, விளிம்பெல்லாம் எப்பாக்ஸி பூசி இறக்கினேன். பூச்சி அரிக்காமலிருக்க மருந்தேற்றிய பலகையைப் போடத்தான் முதலில் நினைத்தேன். நல்லவேளை, போடவில்லை. அந்த மருந்தில் பெரும்பாலும் செம்பு இருக்கும். ஈரம் பட்டால் அது அலுமினியத்தைத் தின்றுவிடும். தேய்த்ததும் பெயின்ட் அடித்ததும் வெறும் தோள்வலி, அதை விடு.

மோட்டார் அவ்வளவு படுத்தவில்லை. கார்புரேட்டரைக் கழுவினேன், தண்ணீர் பம்பின் இம்பெல்லரை மாற்றினேன் (பழைய ரப்பர் பிஸ்கட் மாதிரி உடைந்தது), 24 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் கலந்தேன். ஐந்தாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. அந்த நீலப் புகை வாசனையில் நம் பழைய ஸ்கூட்டர் ஞாபகம் வந்தது. எண்ணெய் கலக்க மறந்து பிஸ்டனைச் சிக்கவைத்தது நீ, நான் இல்லை. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

ஆனால் சிரிக்க உனக்கும் ஒன்று தருகிறேன். முதல் நாள், வடிகால் தக்கையைப் போடாமலே படகை இறக்கிவிட்டேன். 31 ஓட்டையைத் தேடித் தேடி அடைத்தவன், படகு செய்தவனே போட்டுவைத்த ஓட்டையை மறந்துவிட்டேன். செருப்பு மிதந்தபோதுதான் தெரிந்தது. மகள் இறைக்க, நான் தக்கையைத் தேட, ஒரே அமர்க்களம்.

இப்போது தினமும் விடியற்காலையில் ஒரு சுற்று. நடுவில் போய் மோட்டாரை நிறுத்திவிடுவேன். சின்ன அலைகள் அடித்தகட்டைத் தட்டும் சத்தம் தகரக் கூரையில் தூறல் விழுவது போலவே இருக்கிறது. கரையிலிருந்து கேட்டால் இது புரியாது.

முன்பக்கம் இடது ஓரத்தில் ஒரு ரிவெட் மட்டும் இன்னும் கசிகிறது. வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். நீ வந்ததும் கட்டியை நீ பிடி, நான் தட்டுகிறேன். தொப்பி கொண்டு வா. உட்காரத் துண்டு ஒன்றும் எடுத்துக்கொள், பத்து மணிக்கு மேல் இருக்கை தோசைக்கல்தான்.

உன்
பழைய பெஞ்சுக் கூட்டாளி