படிப்பக விமான சிமுலேட்டர்: இன்னும் 56,500 ரூபாய் வேண்டும்

ஊரில் இருக்கும் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும், சென்னை, கோவை, வளைகுடா என்று போய்விட்ட நம் படிப்பகத்துப் பழைய பிள்ளைகளுக்கும் வணக்கம். கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். படிப்பகத்தில் பிள்ளைகள் விமானம் ஓட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் (சிமுலேட்டர்) அமைக்க மொத்தச் செலவு 88,000. கையில் இருப்பது 31,500. மீதி 56,500 உங்களிடம் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையத்தின் ஓடுபாதை 1,350 மீட்டராக இருந்தவரை அங்கே ஏடிஆர் என்ற சின்ன விமானம்தான் வந்து போகும். அது 3,115 மீட்டராக நீண்டு, 2025 ஜூலையில் புது டெர்மினலும் திறந்தாயிற்று. ஏர்பஸ் 320 ரகமே இறங்குகிற நீளம். நம் பிள்ளைகளுக்கு இப்போது வேறு பேச்சே இல்லை. எவ்வளவு வேகத்தில் தரையை விடும், இறக்கையில் பின்னால் இறங்குகிற அந்தப் பலகை எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், படிப்பகத்தில் பதில் சொல்ல ஆள் இல்லை. சிமுலேட்டரில் உட்காரவைத்தால் பைலட் ஆகிவிடுவார்கள் என்றெல்லாம் நாங்கள் சொல்லவில்லை. மூக்கைத் தூக்கினால் வேகம் ஏன் குறைகிறது என்று கையால் செய்து பார்த்துவிட்டால் பாடப் புத்தகத்து இயற்பியல் கொஞ்சம் உள்ளே இறங்கும், அவ்வளவுதான்.

அப்புறம், நாங்கள் ஏமாந்த கதை. போன வருஷம் குழுவில் நாலு பேர் பணம் போட்டு, ஒரு கடைக்காரர் "இதுக்கெல்லாம் கார்டுதான் சார் முக்கியம்" என்று சொன்னதை அப்படியே நம்பி, திரையில் படம் வரைகிற ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி, ஏதோ ஆபீசில் கழித்துப்போட்ட நாலு கோர் கம்ப்யூட்டரில் மாட்டினோம் (கோர் என்பது பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி). மெமரி 8 ஜிபி. எக்ஸ்-பிளேன் 12 என்ற சிமுலேட்டர் மென்பொருளின் டெமோவைப் போட்டால் நகரத்துக்கு மேலே செகண்டுக்கு 14 பிரேம், அதாவது 14 படம்தான். திக்கித் திக்கி ஓடியதைக்கூடப் பிள்ளைகள் பொறுத்துக்கொண்டார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, பிளேன்ல 10 நிமிஷம்தான் ஆயிருக்கு, இங்க 14 நிமிஷம் ஆச்சே" என்றாள். அவள் சொன்னது சரிதான். பிரேம் 20-க்குக் கீழே போனால் எக்ஸ்-பிளேன் கணக்கைத் தப்பாகப் போடாமல் இருக்க நேரத்தையே மெதுவாக்கிவிடும். அங்கேயே ஒரு பிரேமுக்கு யார் எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்று திரையில் காட்டச் சொல்லலாம்; பிராசஸர் 70 மில்லி செகண்ட், கார்டு 25 என்று வந்தது. கார்டு வேலையை முடித்துவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருக்கிறது!

விமான சிமுலேட்டரில் பெரும்பாரம் ஒரே ஒரு கோரின் தலையில்தான் விழும். பதினாறு கோர் வாங்கி வைத்தாலும் அந்த ஒன்று வேகமாக இல்லையென்றால் பிரயோஜனம் இல்லை. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கேஷ் மெமரி பெரிதாக இருந்தால் நன்றாகவே வித்தியாசம் தெரிகிறது. சாதாரண ரைசன் 7 5700எக்ஸில் அது 32 எம்பி, 5700எக்ஸ்3டியில் 96. இந்த எக்ஸ்3டியைத்தான் செகண்ட் ஹேண்டில் பேசி வைத்திருக்கிறோம், 21,000. புதுத் தலைமுறை ஏஎம்5 வகைப் பிராசஸரும் போர்டும் எடுக்கலாமே என்று குழுவிலேயே ஒருவர் கேட்டார். அதற்கு டிடிஆர்5 மெமரிதான் போட முடியும், மெமரி விலையோ 2025 கடைசியிலிருந்து எகிறிக் கிடக்கிறது. நம்மிடம் ஒரு அண்ணாச்சி மகன் பெங்களூரிலிருந்து கொடுத்தனுப்பிய 16 ஜிபி டிடிஆர்4 மெமரி இரண்டு இருக்கின்றன, எக்ஸ்3டிக்கு அதுதான் பொருந்தும். அந்த இரண்டை வைத்துத்தான் மீதி எல்லாமே முடிவாயிற்று, கார்டும் வீணாகவில்லை.

மற்றவை: பி550 மதர்போர்டு 9,500, 1 டிபி எஸ்எஸ்டி 8,000, 650 வாட் பவர் சப்ளை 6,500, 32 இன்ச் மானிட்டர் 17,000, எக்ஸ்-பிளேன் உரிமம், கேபினட், கூலர் மூன்றும் சேர்த்து 11,000. இந்தப் பிராசஸரோடு கூலர் வராது, அதை மறந்துவிட்டுக் கணக்குப் போட்டு ஒரு தடவை திருத்தினோம். யுபிஎஸ் 6,500. நம் ஊர் கரண்டை நம்பி இதை நேராகச் சுவரில் சொருக முடியாது, படிப்பகத்தில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் இந்தப் பாரத்தைத் தாங்காது.

ஜாய்ஸ்டிக் 8,500 என்றதும் பொம்மைக்கா இவ்வளவு என்று கேட்டார்கள். மலிவான ஜாய்ஸ்டிக்கில் உள்ளே உரசுகிற பாகம் தேய்ந்து, கையை எடுத்த பிறகும் விமானம் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பிக்கும். நாங்கள் பார்த்திருக்கும் த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம்மில் முன்பின், பக்கவாட்டு அசைவுக்குக் காந்த சென்சார், அங்கே உரசல் இல்லை. பிடியைத் திருகினால் ரடர் (மூக்கை இடம் வலம் திருப்புகிற வால் பலகை) வேலை செய்யும், ஆகவே அதற்கான பெடல் செலவு மிச்சம். இடது கைக்கும் மாற்றிக்கொள்ளலாம், நம் பிள்ளைகளில் மூன்று பேர் இடது கைக்காரர்கள்.

மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் 2024 இன்னும் அழகாக இருக்குமே என்பவர்களுக்கு: இருக்கும். ஆனால் அது காட்சிகளைப் பெரும்பாலும் இன்டர்நெட்டிலிருந்து இழுத்துக்கொண்டே ஓடுவது, படிப்பக பிராட்பேண்டைப் பற்றி உங்களுக்கே தெரியும். லேப்டாப் வேண்டாம், ஒரு பாகம் போனால் மொத்தமும் போச்சு.

பணம் அனுப்பும் விவரம் படிப்பகப் பலகையிலும் நம் வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கிறது. செயலாளர், பொருளாளர் இருவர் கையெழுத்தும் இல்லாமல் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாது. 100 ரூபாய்க்கும் ரசீது உண்டு. 80ஜி பதிவு நமக்கு இல்லை, வரிவிலக்கு கிடைக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பலாம். சிங்கப்பூர், மலேசியா என்று அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் மட்டும் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை, வாங்க நமக்குப் பதிவு கிடையாது. கோபித்துக்கொள்ளாதீர்கள், ஊருக்கு வரும்போது பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள், அது போதும்.

பொருளாகக் கொடுக்க நினைப்பவர்கள் கூரியர் போடும் முன் குழுவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நல்ல மானிட்டர் யாரிடமாவது சும்மா கிடந்தால் 17,000 அப்படியே குறையும். பிரின்டர் வேண்டாம், மூன்று இருக்கிறது, மூன்றும் ஓடவில்லை.

நம்பிக்கை வராதவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் படிப்பகத்துக்கு வாருங்கள். அந்த 14 பிரேம் மெஷின் இன்னும் அங்கேதான் இருக்கிறது, ஓட்டிக் காட்டுகிறோம். கையில் வாட்ச் கட்டிக்கொண்டு வந்தால் நல்லது.

படிப்பகக் குழுவினர்