ஆண்-பெண் பார்க்கும் சோதனையில் வைரஸ் தெரியுமா? பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு புகார்

அனுப்புநர்: புறா வளர்ப்பவர், காசிமேடு, சென்னை.
பெறுநர்: மேலாளர், பறவை மரபணுப் பரிசோதனைக் கூடம்.

பொருள்: தவறான பி.சி.ஆர். அறிக்கை குறித்து.

ஐயா,

மொட்டை மாடியில் நாற்பது ஜோடி புறா வைத்திருக்கிறேன், சாதா வகையும் குட்டிக்கரணம் போடும் கர்ண வகையும். போன மாதம் நான்கு புறாக்களுக்கு நோய்ப் பரிசோதனை செய்ய உங்களிடம் 4,800 ரூபாய் கட்டினேன்.

அவற்றுக்கு என்ன செய்தது என்று உங்கள் ஆட்கள் கேட்கவே இல்லை, அதனால் இப்போது சொல்கிறேன். கம்பு தூவினால் ஓடி வரும். அலகு கம்பின் மேல் விழாது, ஒரு விரல் தள்ளி வெறும் தரையில் விழும். திரும்பக் கொத்தும், திரும்பத் தவறும். அப்புறம் கழுத்து திருகிக்கொள்ளும். எச்சம் தண்ணீராகத் தேங்கி, நடுவில் பச்சையாக ஒரு நூல் கிடக்கும். எங்கள் பக்கத்துப் புறாக்காரர் யாரும் பார்த்ததுமே சொல்லிவிடுவார்: பாராமிக்சோ. கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் கொடுக்கும் ராணிக்கெட் வைரஸின் புறா வகை. கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்றுதான் உங்களிடம் வந்தேன்.

தொண்டையிலும் எச்சத் துவாரத்திலும் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்து ஐஸில் அனுப்பட்டுமா என்று போனில் கேட்டேன். "வேண்டாம் சார், நெஞ்சு இறகு அஞ்சு பிடுங்கி கவர்ல போடுங்க" என்றார்கள். சரி என்று போட்டேன்.

வந்த அறிக்கையில் நான்குக்கும் 'பாராமிக்சோ: இல்லை, சர்க்கோ: இல்லை' (சர்க்கோ என்பது புறாவுக்கு வரும் இன்னொரு வைரஸ்). கீழே, நான் கேட்காமலே, 'பால்' என்று, ஆணா பெண்ணா எனச் சொல்லும் ஒரு வரி. அதில் ஆண் என்று நீங்கள் எழுதியிருக்கும் மூன்றாவது புறா, இரண்டு மாதம் முன்புதான் என் கண் முன்னால் முட்டை இட்டது.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நான்கில் இரண்டு செத்துப்போக, கழுத்து கொஞ்சம் நிமிர்ந்த மற்ற இரண்டையும் உங்கள் 'இல்லை'யை நம்பிப் பெரிய கூண்டில் விட்டேன். இரண்டே வாரத்தில் பதினொரு புறா போயிற்று.

வேப்பேரியில் ஒரு கால்நடை மருத்துவரிடம் அறிக்கையைக் காட்டினேன். சோதனை முறை எழுதியிருந்த வரியில் விரலை வைத்தார்: 'டி.என்.ஏ. பிரித்தெடுப்பு, பி.சி.ஆர்.' அவ்வளவுதான். சர்க்கோ, ஹெர்பீஸ், அம்மை எல்லாம் டி.என்.ஏ. வைரஸ்கள், அவற்றுக்கு இது சரி. பாராமிக்சோ ஆர்.என்.ஏ. வைரஸ். முதலில் ஒரு நொதியை வைத்து ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுத்த பிறகுதான் பி.சி.ஆர். ஓட்ட முடியும். அந்தப் படி இல்லையென்றால் குழாய் நிறைய வைரஸ் இருந்தாலும் 'இல்லை' என்றுதான் வரும். சோதனை ஒழுங்காக ஓடியதா என்று காட்டும் பாசிட்டிவ் கன்ட்ரோல் கட்டமும் காலியாக இருக்கிறது. இறகு வாங்கி ஆண்-பெண் பார்க்கும் வேலையோடு வேலையாக என்னுடையதையும் ஓட்டிவிட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

பணம் திரும்ப வேண்டும். மீதிப் பறவைகளிடம் முறைப்படி மாதிரி எடுத்து, அந்தப் படியெடுப்பும் சேர்ந்த ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனையை இலவசமாகச் செய்து தர வேண்டும். இடையில் ராணிக்கெட்டுக்கான லசோட்டா தடுப்புச் சொட்டு விட்டிருக்கிறேன், அதிலும் இருப்பது வீரியம் குறைந்த உயிருள்ள வைரஸ்தான். அதனால் பாசிட்டிவ் வந்தால் வைரஸின் எஃப் மரபணுவில் 'வெட்டுப் பகுதி' என்னும் இடத்தின் எழுத்து வரிசையைப் படித்துப் பாருங்கள். தெரிவது தடுப்பு மருந்தின் வைரஸா, நோய் வைரஸா என்று அதில்தான் பிரியும். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

பழைய அறிக்கை செல்லாது என்றும் எழுதிக் கொடுங்கள். அதைக் காட்டித்தான் ராயபுரத்துக்காரர் ஒருவருக்கு மூன்று ஜோடி விற்றேன். நேற்று அவர் போன் செய்தார், ஒரு புறா கம்பைக் கொத்தத் தெரியாமல் தரையைக் கொத்துகிறதாம்.

இப்படிக்கு,
புறா வளர்ப்பவர், காசிமேடு