கிளினிக் கொப்பியை அலுமாரிக்குள் வைத்த மாதங்கள்

உவர்மலை,
திருகோணமலை.

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. மகனுக்கு 14 மாதம் முடிந்தும் பிடித்து எழும்பி நிற்கவில்லை என்றும், ஒரு வயதில் நிறை பார்த்தபோது 7.6 கிலோதான் இருந்தான் என்றும், அதற்குப் பிறகு கிளினிக் பக்கமே போக மனம் வரவில்லை என்றும் எழுதியிருந்தாய். முதல் இரண்டையும் வாசித்தபோது உன்னோடு சேர்ந்து கவலைப்பட்டேன். மூன்றாவதை வாசித்தபோது பதறிப்போனேன். அதே பிழையை நானும் செய்தவள். உனக்கு இதுவரை நான் சொல்லாத கதை அது.

என் மகள் நிறைமாதத்தில்தான் பிறந்தாள், ஆனால் 2.4 கிலோ. ஒரு வயதில் 7.1 கிலோ. கிளினிக்கில் அவளைத் தராசில் வைத்த அன்று, பக்கத்தில் நின்ற தாய் பிள்ளையின் நிறையை மாதாமாதம் குறிக்கும், என் கையிலிருந்த இளஞ்சிவப்புக் கொப்பியை எட்டிப் பார்த்துவிட்டு, தன் பிள்ளை ஏழாம் மாதத்திலேயே அந்த நிறைக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து கொப்பியை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். அடுத்த மாதம் பிள்ளைக்குத் தடிமன் என்று காரணம் சொன்னேன். அதற்கடுத்த மாதம் மழை என்று சொன்னேன். இதற்கிடையில் அம்மா நாவூறு என்று சொல்லி, பத்திரகாளி அம்மன் கோயிலில் நூல் வாங்கிக் கட்டினார். அதை நான் தடுக்கவில்லை, இன்றும் குறை சொல்லமாட்டேன். ஆனால் நூல் கட்டியாயிற்று என்பதையே கிளினிக்குக்குப் போகாமல் இருப்பதற்கு நியாயமாக்கிக்கொண்டது நான்தான்.

மூன்றாம் மாதம் மருத்துவ மாதுவே வீடு தேடி வந்தார். 15 மாதத்தில் மகள் 7.4 கிலோ. அந்த வயதுப் பெண் பிள்ளைக்கு, கொப்பியின் வரைபடத்தில் நிறைக்குறைவைக் காட்டும் செம்மஞ்சள் பட்டி தொடங்கும் கோடு 7.6 கிலோவில் இருக்கிறது. அவள் அதற்குக் கீழே இறங்கியிருந்தாள். அவர் என்னைக் கண்டிக்கவில்லை. கொப்பியிலிருந்த வெற்றுக் கட்டங்களின் மேல் விரலை வைத்து, "இந்த இடத்தில் கோடு எப்போது வளைந்தது என்று எனக்குத் தெரிந்திருந்தால், அப்போதே டொக்டரிடம் அனுப்பியிருப்பேன்" என்று மட்டும் சொன்னார். ஒரு நாள் நிறையை வைத்து அவர்கள் பெரிதாக எதையும் முடிவு செய்வதில்லை. ஒவ்வொரு மாதமும் வைக்கும் புள்ளிகளைச் சேர்க்கும் கோடு மேலே போகிறதா, படுத்துவிட்டதா, இறங்குகிறதா என்பதைத்தான் பார்க்கிறார்கள். இயல்பாகவே சிறிய பிள்ளை தன் கோட்டிலேயே மெல்ல மெல்ல ஏறிப்போகும். அதில் பயம் இல்லை. என் மகளின் கோடு படுத்துக் கிடந்தது, அதை நான்தான் யாரும் பார்க்கவிடாமல் வைத்திருந்தேன்.

சிறுபிள்ளை வைத்திய நிபுணரிடம் போனபோது அவர் நிறையைவிட அசைவுகளைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். எப்போது தனியாக உட்கார்ந்தாள், எப்போது தவழ்ந்தாள், இரண்டு கைகளையும் ஒரேபோலப் பாவிக்கிறாளா, முன்பு செய்த எதையாவது இப்போது செய்யாமல் விட்டாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இவளோ 10 மாதத்தில்தான் சாயாமல் இருந்தாள், 15 மாதத்திலும் தவழவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பிள்ளைகள் ஆதாரமில்லாமல் உட்காரும் கடைசி எல்லை ஏறக்குறைய 9 மாதம், தனியாக நடக்கும் கடைசி எல்லை 17 மாதத்துக்குச் சற்று மேல். சில பிள்ளைகள் முழங்காலில் தவழாமலே நேராக நடக்கத் தொடங்குவதும் உண்டு என்பதால், தவழாதது ஒன்றை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம் என்றார். ஆனால் இவளுடைய தசைகள் தளர்ந்திருந்தன. இரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.9 மட்டுமே. தைரொயிட் சோதனையில் குறை எதுவும் இல்லை.

இரத்தம் குறைந்த பிள்ளைக்குப் பசி குறைகிறது, களைப்பு வருகிறது, களைத்த பிள்ளை உருளவும் எழும்பவும் முயல்வதில்லை, முயலாத பிள்ளையின் தசைகள் வலுப்பெறுவதில்லை என்று அவர் விளக்கியபோதுதான், நிறையும் நடையும் இரண்டு தனித்தனிக் கவலைகள் அல்ல என்பது எனக்கு விளங்கியது. இரத்தம் ஏன் குறைந்தது என்று தேடியபோது அது என் குசினியிலேயே இருந்தது. சோறு சாப்பிடாதவளுக்குப் பாலாவது போகட்டும் என்று நாளைக்கு ஐந்து போத்தல் பால்மா கரைத்துக் கொடுத்தேன். பின்னேரத்தில் பிஸ்கற்றைத் தேநீரில் தோய்த்துக் கொடுத்தேன். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, வயிற்றையும் அதுவே நிரப்பிவிடும். உணவில் இருக்கும் இரும்பையும் தேநீர் உடலில் சரியாகச் சேரவிடாது. போதாததற்கு, கோட்டை வாசலில் நிற்கும் மான்களைக் காட்டிக் காட்டி ஒரு மணி நேரம் தோளில் வைத்து ஊட்டிக்கொண்டிருந்தேன்! அவள் மானைப் பார்த்தாளே தவிர, வாயில் இருந்த சோற்றைக் கவனிக்கவில்லை.

இப்போது பால் இரண்டு தரம்தான், அதுவும் கோப்பையில். தேநீர் அறவே இல்லை. பாயில் என் முன்னால் இருத்தி, அவளுக்கென்று ஒரு தட்டு வைக்கிறேன். அரை மணி நேரத்தில் எடுத்துவிடுகிறேன், மிச்சம் வைத்தாலும் கெஞ்சுவதில்லை. முள் எடுத்த சூடை மீன், ஈரல், முட்டை, பருப்போடு முருங்கையிலை என்று மாறி மாறிச் சமைத்து, கட்டியாக மசித்து, மேலே ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விடுகிறேன். தண்ணீராய்க் கரைத்த கஞ்சி வயிற்றை நிரப்புமே தவிர நிறையை ஏற்றாது என்பதை நான் பிந்தித்தான் அறிந்தேன். மருத்துவ மாது தரும் திரிபோஷா சத்துமாவை உருண்டையாகப் பிடித்துக் கொடுக்கிறேன். டொக்டர் எழுதிய இரும்புச்சத்துப் பாணியைப் பாலோடு கொடுக்கக்கூடாது. அதைக் குடிக்கும் நாட்களில் மலம் கறுப்பாகப் போகும், உனக்கும் எழுதினால் பயந்துவிடாதே.

நடைக்கு உதவியது பிசியோதெரபி. அங்கே போன முதல் நாளே, மாமி ஆசையோடு வாங்கித் தந்த, பிள்ளையை நடுவில் இருத்தும் வோக்கரை ஒதுக்கி வைக்கச் சொன்னார்கள். அதில் தொங்கிக்கொண்டு நுனிக்காலால் தள்ளும் பிள்ளை தன் பாரத்தைத் தானே தாங்கப் பழகுவதில்லை. படியில் உருண்டு விழும் ஆபத்தும் உண்டு. கனடாவில் 2004 முதல் அதன் விற்பனையே தடை. மாமியிடம் இதைச் சொல்வது எளிதாக இருக்கவில்லை, ஆனாலும் சொன்னேன். அதற்குப் பதிலாக, பாதம் இரண்டும் நிலத்தில் முழுதாகப் படியும்படி உயரம் குறைந்த பலகையில் இருத்தி, எதிரே கதிரையில் விளையாட்டுச் சாமானை வைத்து, அவளாகவே எழும்பி எடுக்க விடுவதுதான் பயிற்சி. ஒரு தரத்துக்குப் பத்து நிமிடம், நாளைக்கு நாலைந்து தரம். ஞாயிற்றுக்கிழமைகளில் உப்புவெளிக் கடற்கரையின் ஈர மணலில் வெறுங்காலோடு நிற்க வைத்தோம்.

17 மாதத்தில் கதிரையைப் பிடித்து எழும்பினாள். பத்தொன்பதரை மாதத்தில், குசினி வாசலிலிருந்து என்னை நோக்கி மூன்று அடி வைத்தாள். கையில் இருந்த அகப்பையோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன், அழுகை வந்துவிட்டது. இந்த மாதம், 21 மாதத்தில், 8.7 கிலோ. செம்மஞ்சளுக்கு மேலே இருக்கும் இளம்பச்சைப் பட்டிக்குள் இப்போதுதான் கால் வைத்திருக்கிறாள்.

உன் பிள்ளையைப் பற்றி எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். அவன் 34 வாரத்தில் பிறந்தவன். 40 வாரத்துக்கு ஆறு வாரம் முந்தி வந்த பிள்ளையின் வயதை, இரண்டு வயது வரைக்கும் அந்த ஆறு வாரத்தைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், ஒரு வயதில் அவன் இருந்த 7.6 கிலோ பத்தரை மாதப் பிள்ளையின் நிறை. நீ பயந்த செம்மஞ்சள் கோட்டுக்குச் சற்று மேலேதான் நிற்கிறது. ஆனால் கழித்துப் பார்த்தாலும் இன்று அவனுக்குப் பன்னிரண்டரை மாதம், அந்த வயதில் பிடித்தாவது நின்றிருக்க வேண்டும். அதனால் நான் உன்னை முழுதாகத் தேற்றமாட்டேன். இந்த இரண்டு மாதத்தில் அவனுடைய கோடு எந்தப் பக்கம் போனது என்பது உனக்கும் தெரியாது, மட்டக்களப்பில் இருக்கும் எந்த டொக்டருக்கும் தெரியாது. வருகிற கிளினிக் நாளில் கொப்பியைத் தூக்கிக்கொண்டு போ. 34 வாரம் என்பதை நீயாகவே எடுத்துச் சொல். ஒரு கையை மட்டும் பாவித்தாலோ, கால்கள் விறைத்தாலோ, செய்துகொண்டிருந்த ஒன்றை விட்டுவிட்டாலோ, அந்த நாள் வரைக்கும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ.

அப்பா என் மகளுக்காகச் செய்த மூன்று சில்லு மர நடைவண்டி இப்போது திண்ணையில் சும்மா நிற்கிறது. அவள் அதைத் தள்ளும் காலம் முடிந்துவிட்டது, இப்போது ஓடப் பார்க்கிறாள். அடுத்த கிழமை தம்பி மட்டக்களப்புக்கு வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். உன் பிள்ளை பிடித்து நிற்கத் தொடங்கிய பிறகு, பிசியோதெரபியில் கேட்டுவிட்டுக் கொடு. அதுவரைக்கும் அவன் கண்ணில் படும் இடத்தில் வைத்திரு.

நிறை பார்த்த அன்றே அதை எனக்கு எழுது. எவ்வளவாக இருந்தாலும் எழுது.

உன் அன்புத் தோழி