மாணவர் நாடக மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வழிகாட்டி ஆசிரியர்களுக்கும், மன்ற உறுப்பினர்களுக்கும், வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. குரல் பயிற்சிக்கும் ஒப்பனைக்கும் பட்டறைகள் நடந்தன. புதிதாகச் சேர்ந்தவர்களில் சிலர் தேர்வு நெருங்கியதும் காணாமல் போய், பாராட்டு விழாவுக்குச் சரியாக வந்து சேர்ந்தார்கள். அதுவும் வழக்கம்தான். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆண்டு நாடகம் நல்லபடியாக மேடையேறியது. மீதி அறிக்கை முழுவதும் அந்த நாடகத்துக்காக எடுத்த டிரெய்லரைப் பற்றித்தான். மன்றம் இதுவரை தொடாத வேலை அது. அடுத்த ஆண்டு பொறுப்புக்கு வருகிறவர்கள் அனா ஆவன்னாவிலிருந்து தொடங்க வேண்டாம் என்பதற்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

டிரெய்லர் என்ற யோசனை வந்ததும், “அது சினிமாக்காரர்கள் சமாச்சாரம், நாடகத்துக்கு எதற்கு?” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். உலகின் முதல் டிரெய்லர் என்று பொதுவாகச் சொல்லப்படுவதே ஒரு மேடை நாடகத்துக்காக எடுக்கப்பட்டதுதான். 1913இல் அமெரிக்காவில் திரையரங்கு விளம்பர மேலாளராக இருந்த நில்ஸ் கிரான்லண்ட், ஒரு பிராட்வே இசை நாடகத்தின் ஒத்திகையைப் படம்பிடித்துத் திரையரங்கில் ஓட்டினார். இதைச் சொன்னதும் எதிர்ப்பு அடங்கியது.

நாடகம் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு ஒரு கடிதம் வருகிறது. திறப்பதா, வேண்டாமா என்று குடும்பமே மோதிக்கொள்கிறது. ஒத்திகையின்போது அரங்கின் பின்வரிசையில் கேமராவை நிறுத்திப் பதிவு செய்து, நல்ல இடங்களை வெட்டி ஒட்டினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தோம். எடுத்தும் பார்த்தோம். மேடையின் பெரும்பகுதி இருட்டு, நடிகர்கள் மீது மட்டும் வெளிச்சம். தானியங்கி முறையில் இருந்த கேமரா மொத்தக் காட்சியும் இருட்டு என்று கணக்குப் போட்டு ஒளியைக் கூட்டியது. முகங்கள் எல்லாம் வெள்ளைத் திட்டுகளாகிவிட்டன. குரலோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. இவற்றைவிடப் பெரிய சிக்கல் நடிப்பு. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும், தெரிய வேண்டும் என்று பழகிய குரலும் கையசைவும் திரையில் சண்டைக்கு வருவதாகத் தெரிந்தன. நடித்தவர்களே பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

அதனால் டிரெய்லருக்கென்று தனியாகப் படம்பிடிப்பது என்று செயற்குழு முடிவு செய்தது. அதே மேடை, அதே உடை, ஆனால் எல்லாமே கேமராவுக்காக. என்னைக் கேட்டால், இந்த ஆண்டு எடுத்த முடிவுகளில் இதுதான் சரியான முடிவு.

இயக்குநர் நடிகர்களிடம் சொன்னது ஒன்றுதான்: “கடைசி வரிசையை மறந்துவிடு, எதிரே இருப்பவரிடம் பேசு.” பாட்டி வேடம் போட்ட மாணவிக்கு அது லேசில் வரவில்லை. வசனமே வேண்டாம், கடிதத்தைப் பார்த்தால் மட்டும் போதும் என்றபிறகுதான் வந்தது. உறையைத் திறக்கப் போய் நிறுத்தும் க்ளோஸ்-அப்புக்கு அதிக நேரம் பிடித்தது. கட்டைவிரல் நகம் உறையின் மடிப்புக்குள் நுழைய வேண்டும், பசை ஒரு பொட்டு விட வேண்டும், அங்கேயே விரல் நிற்க வேண்டும். ஒவ்வொரு டேக்கிலும் உறை கொஞ்சம் கூடுதலாகக் கிழிந்தது. அரங்கப்பொருள் குழு ஒரே மாதிரி உறைகளை அடுக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு டேக் முடிந்ததும் கிழிசலைப் போனில் படமெடுத்து வைத்தது. எடிட்டிங்கில் அந்தப் படங்கள்தான் காப்பாற்றின.

மேடைப் பழக்கம் இன்னோர் இடத்திலும் காலை வாரியது. மேடைக்குப் பார்வையாளர் ஒரு பக்கத்தில்தான் இருப்பார்கள். கேமரா மேடை ஏறியதும் எந்தப் பக்கமும் போகலாம் என்றாகிவிடுகிறது. அண்ணனும் தங்கையும் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில், இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டைத் தாண்டிக் கேமரா அந்தப் பக்கம் போய்விட்டது. ஒட்டிப் பார்த்தால் இருவரும் ஒரே திசையைப் பார்த்து யாரிடமோ சண்டை போடுகிறார்கள். மறுபடி எடுத்தோம். 180 டிகிரி விதி என்று சினிமாக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

விளக்கு விஷயத்தைத் தொழில்நுட்பக் குழு குறித்துக்கொள்ளட்டும். நொடிக்கு 25 ஃபிரேம் (தனிப்படம்) வைத்தால் ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளியை உள்ளே விடும் நேரம், 1/50 நொடி என்பது அசைவு இயல்பாகத் தெரிவதற்கான பழைய கணக்கு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் சாதாரண விளக்குகள் மினுக்காமல் இருக்கவும் அதே 1/50 உதவும். 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/60. மங்கலாக்கிய எல்ஈடி மேடை விளக்குகளுக்கு இந்தக் கணக்கு எப்போதும் ஒத்துவராது. படத்தில் பட்டை பட்டையாக ஓடும். முன்கூட்டியே எடுத்துப் பார்ப்பது ஒன்றே வழி. கேமரா தானே மாற்றாதபடி, முகத்தை வைத்து எக்ஸ்போஷரை (ஒளியின் அளவை) பூட்டிவிட வேண்டும், வொயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலையையும்) அப்படியே.

இனி ஒலி. படம் சுமாராக இருந்தால் பார்க்கிறவர் பொறுத்துக்கொள்வார், வசனம் புரியாவிட்டால் அடுத்த நொடியே தள்ளிவிட்டுப் போய்விடுவார். ஆகவே ஒலியைக் கேமராவை நம்பி விடவில்லை. சட்டைக்குள் சின்ன மைக், பையில் ரெக்கார்டர், ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் கேமரா முன் ஒரு கைத்தட்டல். அந்தத் தட்டலை வைத்துத்தான் படத்தையும் ஒலியையும் பொருத்த முடியும். போனில் எடுத்த ஷாட்டுகளில் மட்டும் பொருத்தியபிறகும் போகப்போக உதட்டசைவும் ஒலியும் விலகின. பல போன்கள் ஃபிரேம் வேகத்தை நிலையாக வைக்காமல் கூட்டிக் குறைத்துப் பதிவு செய்வதுதான் காரணம். எடிட்டிங்குக்கு முன்பே அவற்றை நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொண்டபிறகு சரியானது. கடைசியாக அரங்கின் வெறும் அமைதியையும் பதிவு செய்தோம், வசனங்களுக்கு நடுவே நிரப்ப அது வேண்டும். யாரும் அசையக் கூடாது என்று அறிவித்ததும்தான் எல்லோருக்கும் இருமல் வந்தது.

எடிட்டிங்கில் நடந்த சண்டையை மறைக்க விரும்பவில்லை. முதல் ரஃப் கட், அதாவது தோராயமாக ஒட்டிப் பார்த்த பதிப்பு, நாடகத்தின் சுருக்கமாக இருந்தது. யார் யார், என்ன பிரச்சினை, எப்படி வெடிக்கிறது என்று எல்லாம் வரிசையாக வந்தன. கடிதத்தைப் படிக்கும் காட்சி கட்டாயம் வேண்டும், நாடகத்தின் உயிரே அதுதான் என்றார் இயக்குநர். உயிர் அதுவென்றால் அதைக் காட்டவே கூடாது என்றார் படத்தொகுப்பாளர். இருவரும் கொஞ்ச காலம் என் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். கடைசியில் படத்தொகுப்பாளர் ஒன்றைச் செய்து காட்டினார். உறை மேல் விரல் நிற்கிறது, அம்மாவின் குரல் மட்டும் கேட்கிறது, “படிச்சிட்டா திரும்ப மூட முடியாது.” முகம் அதற்கப்புறம்தான் வருகிறது. குரல் முந்தி, படம் பிந்தும் இந்த வெட்டை ஜே-கட் என்பார்கள். இயக்குநர் இரண்டாம் முறை போடச் சொல்லிப் பார்த்தார், அத்தோடு கடிதக் காட்சிக்கான வாதம் முடிந்தது.

பாட்டியின் முகமும் இப்படித்தான் பயன்பட்டது. ஒரே ஷாட்டின் இரண்டு துண்டுகள். கடிதத்துக்குப் பின் ஒட்டியபோது பயந்திருக்கிறாள் என்று தோன்றியது. வாசற்கதவுக்குப் பின் ஒட்டியபோது யாருக்கோ காத்திருக்கிறாள் என்று தோன்றியது. ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் நூறு ஆண்டுக்கு முன்பே காட்டிய வித்தை இது. நம் மாணவி நடிக்காமல் பார்த்ததால்தான் இங்கும் பலித்தது.

இசைக்குப் பிரபலமான பாடலொன்றைப் போடலாம் என்று பலர் ஆசைப்பட்டார்கள். உரிமையில்லாத பாடலைப் போட்டால் வீடியோ தளங்களே கண்டுபிடித்து ஒலியை நிறுத்திவிடலாம், வீடியோவையே முடக்கவும் செய்யலாம். நம் இசைக்குழுவே வாசித்துப் பதிவு செய்து கொடுத்தது. கடைசிப் பகுதியில் இசையை அடியோடு நிறுத்தியது அவர்கள் சொன்ன யோசனை. சொந்த வாசிப்பைத் தாங்களே வெட்டச் சொல்லும் இசைக்கலைஞர்களை நான் அதற்கு முன் கண்டதில்லை.

போனில் பார்ப்பவர்களுக்காக நெட்டைச் சட்டத்திலும் ஒரு பதிப்பு செய்தோம். 16:9 படத்திலிருந்து 9:16 வெட்டினால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. 3840×2160இல் எடுத்திருந்ததால் வெட்டியபிறகும் தெளிவு கெடவில்லை. ஆனால் அண்ணன் தங்கை சேர்ந்து நிற்கும் ஷாட்டில் ஒருவரைத்தான் வைக்க முடிந்தது. ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களுக்காக வசனங்களை எழுத்தில் போட்டோம். நாள், நேரம், இடம் தாங்கிய கடைசி அட்டையை நிதானமாக இரண்டு தடவை படிக்கும் அளவுக்கு நிறுத்தினோம்.

பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் நடித்ததால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினோம். ஒரு பெற்றோர் மகளின் முகம் இணையத்தில் வர வேண்டாம் என்றார். அவளை முதுகுப் பக்கமிருந்தே எடுத்தோம், காரணமும் யாரும் கேட்கவில்லை. மூலப் பதிவுகளுக்கு மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு கட்டடத்தில் என்று வைத்திருக்கிறோம். நடுவில் ஒரு மெமரி கார்டு உயிரை விட்டது. நகல் இருந்ததால் அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

டிரெய்லரால் கூட்டம் எவ்வளவு கூடியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. கடிதத்தில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று வாசலிலேயே கேட்டவர்கள் உண்டு. டிரெய்லரில் முகம் வராத நடிகர்களிடமிருந்து மனக்குறையும் வந்தது. எல்லோருக்கும் ஒரு ஷாட் என்று பங்கு வைத்தால் அது டிரெய்லராக இருக்காது, குழுப் புகைப்படமாகிவிடும். ஆனாலும் அவர்கள் வருத்தம் நியாயமானது. அடுத்த முறை ஒத்திகைக் காட்சிகளை வைத்து அனைவரும் வரும் சின்ன வீடியோ ஒன்று தனியாக வரட்டும்.

இவற்றையொட்டிச் செயற்குழு மூன்றைப் பரிந்துரைக்கிறது. வசனம் மனப்பாடமானதுமே டிரெய்லர் படப்பிடிப்பை வைக்க வேண்டும், கடைசி வாரத்துக்குத் தள்ளக் கூடாது. ஒலிப்பதிவுக்கென்று ஓர் உறுப்பினரைத் தனியாக நியமிக்க வேண்டும். படத்தொகுப்பாளர் முதல் வாசிப்பிலிருந்தே ஒத்திகைக்கு வர வேண்டும்.

தொகுத்ததை முழு வீடியோவாக்கும் ரெண்டர் வேலைக்கு இரவெல்லாம் கணினியை விட்டுக்கொடுத்த உறுப்பினர்களுக்கும், அரங்கைத் திறந்து வைத்துக் காத்திருந்த காவலாளிக்கும், உறைகளை ஒட்டி ஒட்டிக் கை பிசுபிசுத்த அரங்கப்பொருள் குழுவுக்கும் மன்றத்தின் நன்றி. அறிக்கையையும் பரிந்துரைகளையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்