வீட்டுக்குள் வர ஒரு தாளாவது வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

விசுவமடுப் பக்கத்தில் 28 வருடம் சமூகக்கல்வி படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். மகள் வெளிநாட்டில் வேலை செய்கிறாள். உயர்தரம் படிக்கிற பேத்தியும் நானும்தான் வீட்டில். போன மாதம் ஓர் இரவு, பதினொரு மணிக்குக் கிட்ட, படலையைத் தள்ளிக்கொண்டு ஆறு பேர் முற்றத்துக்கு வந்தார்கள். இரண்டு பேர்தான் பொலிஸ் உடுப்பில் இருந்தார்கள். பெண் பொலிஸ் ஒருவரும் இல்லை. கசிப்பு, அதுதான் கள்ளச் சாராயம், வைத்திருப்பதாகத் தகவலாம். எந்த வீட்டைச் சொன்னார்கள், கையில் கடிதம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். சிங்களத்தில் பதில் வந்தது. ஓரமாக நிற்கச் சொல்கிறார்கள் என்பது மட்டும் விளங்கியது.

குசினி, கிணற்றடி, கோழிக்கூடு எல்லாம் பார்த்தார்கள். சரி, கசிப்பைத் தேடுகிறவர்கள் அங்கேதான் பார்ப்பார்கள். பிறகு அலுமாரியைத் திறந்தார்கள். மேல்தட்டில் ஒரு நீலப் பை இருக்கிறது. வன்னியில் வீட்டுக்கு வீடு அப்படி ஒன்று இருக்கும். 2009 இல் ஆடு மாட்டை விட்டோம், சட்டி பானையை விட்டோம், அந்தப் பையை விடவில்லை. உடையார்கட்டு, தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன் என்று கொண்டு ஓடி, கடைசியில் செட்டிகுளம் முகாமில் தலைக்கு வைத்துப் படுத்த பை அது. காணிப் பத்திரம், பிறப்புப் பதிவுகள், என் கணவரின் மரணச் சான்றிதழ், காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காக நான் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள், அவன் சாதாரண தரப் பரீட்சைக்காக எடுத்த சின்னப் படம், எல்லாம் அதற்குள்தான். ஒருவர் அதை அப்படியே சீமெந்து நிலத்தில் கவிழ்த்தார். முறைப்பாட்டுப் பிரதிகளை ஒவ்வொன்றாக விரித்து, டோர்ச் அடித்து, தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். கசிப்புக்கும் என் பிள்ளையைத் தேடி நான் எழுதிய கடிதங்களுக்கும் என்ன தொடர்பு?

இன்னொருவர் பேத்தியின் போனை வாங்கி, லொக்கைத் திறக்கச் சொல்லி, திண்ணையில் இருந்து பார்த்தார். தாய்க்கு அவள் அனுப்பிய செய்திகள், தோழிகளோடு எடுத்த படங்கள். இருபது நிமிடம். 17 வயதுப் பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

ஒன்றும் கிடைக்கவில்லை. பேர் சொல்லாமல், ஒரு தாளும் தராமல் போய்விட்டார்கள்.

கசிப்பும் ஐஸும் எங்கள் பிள்ளைகளை எப்படி அழிக்கின்றன என்பது வகுப்பறையில் நின்ற எனக்குத் தெரியும். பொலிஸார் அதைப் பிடிக்க வேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் பேசியவளும் நான்தான். ஆனாலும் அந்த இரவு அங்கே நடந்தது போதைப்பொருள் தடுப்பு என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் காலை அரசியலமைப்புப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். 10 ஆம் உறுப்புரையிலிருந்து அடிப்படை உரிமைகளை வருடா வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். மனச்சாட்சி, சித்திரவதையிலிருந்து விடுதலை, சமத்துவம், கைது பற்றிய பாதுகாப்பு, பேச்சு. வீடு என்று ஒரு வரி இல்லை. அந்தரங்கம் என்ற சொல், தகவல் அறியும் உரிமைக்காக 2015 இல் சேர்த்த 14அ உறுப்புரையில் வருகிறது, அதுவும் தகவல் தர மறுப்பதற்கான காரணங்களில் ஒன்றாக. இத்தனை வருடம் படிப்பித்தும் இந்த ஓட்டை என் கண்ணில் படவில்லையே என்பது என்னை வருத்துகிறது.

சாதாரண சட்டத்தில் கொஞ்சம் இருக்கிறது. நீதவான் தேடுதல் ஆணை கொடுக்கும் முறையும், ஒரு பெண்ணைச் சோதனையிட வேண்டுமானால் இன்னொரு பெண்தான், அதுவும் மரியாதையோடு செய்ய வேண்டும் என்பதும் 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் உண்டு. ஆனால் அதே 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், மேலதிகாரி எழுத்தில் அதிகாரம் கொடுத்தால் ஓர் உப பொலிஸ் பரிசோதகரே ஆணையில்லாமல் எந்த வீட்டிலும் நுழைந்து தேடலாம் என்றது. மூன்று வருடத்துக்கென்று கொண்டுவந்து 1982 இல் நிரந்தரமாக்கினார்கள். வீடும் கடிதமும் தன்னிச்சையான தலையீட்டுக்கு உட்படக் கூடாது என்று 17 ஆம் உறுப்புரையில் சொல்கிற, குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980 இல் சேர்ந்தது. அதற்காக 2007 இல் இயற்றிய நம் சட்டத்துக்குள் அந்த 17 ஆம் உறுப்புரை வரவில்லை.

தென்னாபிரிக்கர்கள் நிறவெறி ஆட்சியில் பட்டதை மறக்காமல், 1996 அரசியலமைப்பின் 14 ஆம் பிரிவில் உடல், வீடு, உடைமை, தொடர்பாடல் என்று பெயர் சொல்லியே எழுதி வைத்தார்கள். அமெரிக்காவில், கைதானவரின் போனைப் பார்க்கவும் பொதுவாக நீதிமன்ற ஆணை வேண்டும் என்று 2014 இல் உயர் நீதிமன்றம் சொன்னது. பக்கத்து இந்தியாவில், அரசியலமைப்பில் அந்தச் சொல் இல்லாதபோதும், 2017 இல் ஒன்பது நீதியரசர்கள் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். புதிய அரசியலமைப்பு பற்றிப் பேசுகிற எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் அதிகாரப் பகிர்வைக் கேட்கட்டும், கேட்கத்தான் வேண்டும். அதோடு, எங்கள் அலுமாரிக்கும் பிள்ளைகளின் போனுக்கும் ஒரு உறுப்புரை கேளுங்கள்.

அதுவரைக்கும் பொலிஸாரிடம் நான் கேட்பது சின்ன விஷயம்தான். பெயரும் இலக்கமும் சொல்லுங்கள். பெண் உத்தியோகத்தரைக் கூட்டி வாருங்கள். எதைத் தேடினீர்கள், எதை எடுத்தீர்கள், எதைப் படம் பிடித்தீர்கள் என்று தமிழில் ஒரு தாள் தந்துவிட்டுப் போங்கள். தமிழும் அரசகரும மொழி என்று அதே அரசியலமைப்பில்தானே இருக்கிறது.

அடிப்படை உரிமை வழக்கென்றால் ஒரு மாதத்துக்குள், 300 கிலோமீற்றருக்கு அப்பால் கொழும்பில் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். என்னால் அது முடியாது. ஆனால் அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கிற காலத்தை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. வவுனியாவிலுள்ள பிராந்திய அலுவலகத்துக்குக் கையாலேயே எழுதி அனுப்பிவிட்டேன். அன்றிரவு எங்கள் ஒழுங்கையில் இன்னும் இரண்டு வீடுகளுக்குள் போனார்கள். அவர்கள் பயத்தில் பேசாமல் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. எழுத உதவி வேண்டுமென்றால் என் வீட்டுக்கு வரலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
விசுவமடு